பச்சையம்மா பேயாக இருந்த காலம்

பம்பைச் சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் வயிற்றில் விழும். அடிவயிறு அதிர்ந்து, பல் கூசி, கூடவே வேப்பிலைக் கசப்பும் சூடம் எரியும் வாசனையும் காற்றில் வந்துவிட்டால், "பேய் ஓட்றாங்கடோய்" என்று எங்கள் காலனிப் பிள்ளைகள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். நானும் ஒரு வயதுவரை ஓடியிருக்கிறேன். பிறகு நிறுத்திக்கொண்டேன், ஏனென்றால் எங்கள் ஊரில் ஓட்டப்பட்ட பேய்களில் முக்கால்வாசி என் அம்மாதான். கூட்டத்தில் போய் நிற்பேன், பம்பைக்காரர் "பேர சொல்லு" என்று அதட்டுவார், தலைவிரித்து ஆடும் பெண் "பச்சையம்மா" என்பாள், உடனே அத்தனை தலையும் என் பக்கம் திரும்பும்.

எங்கள் ஊர் உத்திரமேரூருக்கும் பெருநகருக்கும் நடுவில், மெயின் ரோட்டில் இறங்கி உள்ளே நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் காலனி, நடுவில் "பெரிய வூடு" என்று நாங்கள் சொல்லும் குடும்பத்தின் நெல் வயலும் மல்லாட்டைக் கொல்லையும். மல்லாட்டை என்றால் வேறொன்றும் இல்லை, வேர்க்கடலைதான். என் அம்மாவுக்கும் நைனாவுக்கும் அங்கேதான் கூலி வேலை. எனக்கு விவரம் தெரியத் தொடங்கிய வயதில், ஒரு நாள் விடிவதற்கு முன்னால் அம்மா களையெடுக்கக் கிளம்பிப் போனாள். வெயில் ஏறியபோது பெரிய வூட்டுக் கிணற்றில் மிதக்கிறாள் என்று ஆள் வந்து சொன்னான். புருஷனோடு சண்டை, கோபத்தில் வந்து விழுந்துவிட்டாள் என்று பெரிய வூட்டுக்காரர் சொன்னார். அதையே ஊர் சொன்னது, காலனி சொன்னது, பொழுது சாய்வதற்குள் புதைத்துவிட்டுத் திரும்பி வந்த என் நைனாவும் தலையைக் குனிந்துகொண்டு அதையே சொன்னார். சண்டை நடந்ததா என்று யாராவது கேட்டிருக்க வேண்டுமானால் என்னைத்தான் கேட்டிருக்க வேண்டும், இரண்டு பேருக்கும் நடுவில் படுத்திருந்தவள் நான். சண்டையும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. அம்மா ஏதோ சொல்லிச் சிரித்தாள், நைனா "தூங்குடி, காலைல வேலைக்குப் போவணும்" என்றார், அவ்வளவுதான் நடந்தது.

கிணற்றில் விழுந்து செத்தவளை ஊர் சும்மா விடுமா? முதலில் ஒருத்தியின் குடம் கிணற்றடியில் நழுவி உடைந்தது, பச்சையம்மா தட்டிவிட்டாள் என்றாள். பிறகு சாராயம் குடித்துவிட்டு வரப்பில் விழுந்து கிடந்த ஒருத்தன், தன்னைப் பச்சையம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டாள் என்றான். குடித்ததைச் சொன்னால் வீட்டில் உதை விழுமே. ஜுரம் வந்த குழந்தை, பால் வற்றிய மாடு, தங்காமல் போன கரு, எல்லாவற்றுக்கும் அவள்தான் பொறுப்பு. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, முழங்கால் வரைக்கும் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, கொலுசுச் சத்தத்தோடு நடப்பாளாம். என் அம்மாவிடம் இருந்தது ஊதாப்பூ போட்ட ஒரு சேலையும், அதைவிடப் பழையதாக இன்னொன்றும். முடி ஒரு கொண்டைக்குக்கூடப் பத்தாது. கொலுசு என்ற ஒன்று அவள் காலில் ஏறியதே கிடையாது. உயிரோடு இருந்தவரைக்கும் ஒரு முழம் பூ வாங்கித் தராத ஊர், செத்த பிறகு அவளுக்குக் கொலுசு வாங்கிப் போட்டுவிட்டது. இருட்டிவிட்டால் அந்தக் கொல்லைப் பக்கம் ஒரு ஈ காக்கை போகாது, பெரிய வூட்டுக்காரருக்கும் அது வசதியாகவே இருந்தது.

கதை அவளோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. நைனா "பொண்டாட்டிய கெணத்துல வுழ வெச்சவன்" ஆகிவிட்டார். கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் யாரும் வந்து உட்கார மாட்டார்கள். முன்னெல்லாம் ஓயாமல் பேசுகிற மனிதர், தெருக்கோடியில் பேசினால் வீட்டில் கேட்கும். கொஞ்சம் சத்தம் போட்டாலும் "பாத்தியா, இப்டித்தான் அவகிட்டயும்" என்று சொல்லிவிடுவார்களே என்று பயந்து குரலையே இறக்கிக்கொண்டார். நான் "பேய் பெத்த பொண்ணு". பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள், என் பாதம் நேராக இருக்கிறதா திரும்பி இருக்கிறதா என்று பெஞ்சுக்குக் கீழே குனிந்து பார்ப்பாள். சண்டை வந்தால் மட்டும் எனக்கு லாபம். "எங்கம்மாகிட்ட சொல்லிடுவேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எப்பேர்ப்பட்ட ரவுடிப் பயலும் பிடித்த சடையை விட்டுவிடுவான். அம்மா இருந்து செய்திருக்க வேண்டிய வேலையைப் பேய் செய்தது. அதனால் அந்தக் கதையை நானே ஊதி ஊதி வளர்த்ததும் உண்டு. நேற்று வந்தாள், கூரை மேல் உட்கார்ந்திருந்தாள் என்றெல்லாம் அடித்துவிடுவேன். என்னை வளர்த்த அத்தை, நைனாவின் அக்கா, அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவாள். "வாய் கீதுன்னு பேசிக்கினு கீறானுங்க" என்பதற்கு மேல் அவள் ஒன்றும் சொன்னதில்லை.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது பெரிய வூட்டுப் பிள்ளைக்குக் கல்யாணமாகி, பழையசீவரத்துப் பக்கத்திலிருந்து தனம் என்ற பெண் மருமகளாக வந்தாள். பாலாற்றங்கரைப் பெண், நல்ல உயரம், காலனிப் பிள்ளைகளைப் பார்த்தால்கூடச் சிரிப்பாள். விறகு பொறுக்கப் போன என்னை ஒரு முறை தோட்டத்துக் கதவருகே நிறுத்தி, "நீ யார் வூட்டுப் பொண்ணு?" என்று கேட்டாள். "பச்சையம்மா பொண்ணு" என்றேன். மற்றவர்களாக இருந்தால் ஒரு அடி பின்னால் போவார்கள். இவள் நகரவில்லை, முகம் மட்டும் செத்துப்போயிற்று. உள்ளே போய் ஒரு வெல்லக் கட்டியை எடுத்துவந்து என் கையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வீட்டில் அவளுக்கு நல்ல வாழ்க்கை இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். புருஷன் அடிக்கிற சத்தம் கொல்லை தாண்டிக் கேட்கும், மாமியார் திட்டுகிற சத்தம் அதையும் தாண்டும்.

அடுத்த ஆடி மாதம் தனத்துக்குப் பேய் பிடித்தது. மாமியாரை "ஏய்" என்று கூப்பிட்டாளாம், புருஷன் ஓங்கிய கையைப் பிடித்துக் கடித்துவிட்டாளாம், மாமனார் எதிரிலேயே கட்டிலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாளாம். ஒரு மருமகள் இதில் ஒன்றைச் செய்திருந்தாலும் அன்றைக்கே தாய்வீட்டுக்குத் துரத்தியிருப்பார்கள். பேய் செய்ததால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். யார் நீ என்று கேட்டதற்கு "பச்சையம்மா" என்றாளாம். வேலையிலிருந்து திரும்பிய அத்தை இதைச் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பு மூட்டப் போனாள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. இதுவரை அம்மா யார் யார் மேலோ வந்து ஆடிவிட்டுப் போயிருக்கிறாள், எனக்குப் பிடித்த ஒருத்தி மேல் வந்தது இதுதான் முதல் முறை. எனக்காகத்தான் வந்திருக்கிறாள் என்று சத்தியமாக நம்பினேன், அந்த ராத்திரி முழுக்க அவளிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே படுத்திருந்தேன்.

அமாவாசையன்று உச்சிப்பொழுதில் கிணற்றடிப் புளியமரத்துக்குக் கீழே பம்பை வைத்தார்கள். பேய் ஓட்டுவதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. முதலில் அதன் பேரைச் சொல்ல வைக்க வேண்டும். பிறகு அது கேட்பதையெல்லாம் கொடுக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் திரும்பி வந்துவிடும். மனசு குளிர்ந்ததும் எப்படிச் செத்தது என்று அதன் வாயாலேயே சொல்ல வைத்து, "போறேன்" என்று சத்தியம் வாங்கி, உச்சிமுடியில் ஒரு கொத்தை அறுத்து மரத்தில் ஆணி வைத்து அறைந்துவிடுவார்கள். தனம் கருவாட்டுக் குழம்பும் சோறும் கேட்டாள், ஆக்கிக் கொண்டுவந்தார்கள். என் அம்மாவுக்குக் கருவாட்டு வாசனை அடித்தாலே குமட்டும். இதைக் கேள்விப்பட்டபோது எனக்கே ஒரு கணம் இடித்தது, செத்த பிறகு பிடித்துப்போயிருக்கும் என்று நானாகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். புதுச்சேலை கேட்டாள், வந்தது. "இன்னும் இன்னா வேணும்?" என்று பம்பைக்காரர் கேட்டதற்கு, "எம்பொண்ணக் கூட்டினு வாங்க" என்றாள். பெரிய வூட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் முறையை மீற முடியாதே, எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். நைனா "அனுப்ப மாட்டேன்" என்று வாசலை மறித்து நின்றார். "ஆண்டே கூப்புடறாரு, இன்னா நீ?" என்று வந்தவன் கேட்டதும் விலகிக்கொண்டார். வந்தவனுக்கு முன்னால் நான் ஓடினேன்.

கூட்டம் எனக்கு வழி விட்டது. தலை கலைந்து, நெற்றியெல்லாம் குங்குமமாக, வேப்பிலை அடி பட்ட கன்னம் தடித்துப்போய்த் தனம் உட்கார்ந்திருந்தாள். "அம்மா" என்றேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். காலனிப் பிள்ளையைப் பெரிய வூட்டு மருமகள் மடியில் வைத்துக்கொள்வது நடக்கிற காரியமா? நடந்தது, ஊரே பார்த்தது, யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் உடம்பு கொதித்தது, மஞ்சளும் வேர்வையும் கலந்த வாசனை அடித்தது, நான் முகத்தை அந்தத் தோளில் புதைத்துக்கொண்டேன்.

"சொல்லு பச்சையம்மா, நீ எப்டி செத்த?" என்றார் பம்பைக்காரர்.

எல்லாரும் வழக்கமான பதிலுக்குத்தான் காத்திருந்தார்கள். புருஷன் கூட சண்டை, கிணற்றில் விழுந்துவிட்டேன். எந்தப் பெண் மேல் வந்தாலும் அம்மா அதைத்தான் சொல்வாள். தனம் என் முகத்தை இரண்டு கையாலும் நிமிர்த்தி, என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"நான் வுழலடி கண்ணு. மல்லாட்டைக்குப் பன்னி வருதுன்னு கொல்லையச் சுத்தி கரண்டு கம்பி போட்டு வெச்சிருந்தாங்க. இருட்டோட வந்தேன், மிதிச்சிட்டேன். செத்த பெறகு தூக்கினு போயி கெணத்துல போட்டாங்க. உங்க நைனா மேல ஒரு தப்பும் இல்ல."

"அடிங்கடா!" என்று பெரிய வூட்டுக்காரர் கத்தினார். பம்பையும் உடுக்கையும் ஒரேயடியாக முழங்கின. அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது, ஒன்றும் கேட்கவில்லை. தூக்கிப் போட்டவர்கள் யார் என்று பேர் சொல்லிக்கொண்டிருந்தாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். புருஷன் வந்து முடியைப் பிடித்தான். "போறேன்னு சொல்லு, சொல்லுடி" என்று வேப்பிலைக் கொத்தால் மாறி மாறி அடித்தார்கள், அதில் இரண்டு அடி என் முதுகிலும் விழுந்தது. நான் "போவாதம்மா, போவாதம்மா" என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினேன். யாரோ என்னைப் பிய்த்தெடுத்தார்கள். அவள் என்னையே பார்த்துக்கொண்டு "போறேன்" என்றாள். முடியை அறுத்தார்கள், ஆணி அடித்தார்கள், சூடம் கொளுத்தினார்கள். கூட்டம் கலைகிற நேரத்தில், "பேயி வாயத் தொறந்தா பொய்தான், அதப் போயி யாரும் நம்பாதீங்க" என்று பம்பைக்காரர் பொதுவாக ஒரு வார்த்தை சொல்லிவைத்தார்.

எத்தனை நேர்த்தி பாருங்கள்! மாட்டுக்குப் பால் வற்றியதற்குத் தான்தான் காரணம் என்று பேய் சொன்னபோது நம்பினார்கள். புருஷன் சண்டை போட்டான் என்று சொன்னபோது நம்பினார்கள். கம்பி என்றதும் பேய் பொய் சொல்லும் என்றார்கள். ஒரு கதையில் யாருக்கு என்ன வேஷம் என்பதை நிலம் வைத்திருப்பவன்தான் சொல்வான், மற்றவர்கள் ஆடிக்கொண்டே இருப்போம் என்பது எனக்குப் புரிய இன்னும் பல வருஷம் ஆயிற்று. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, அம்மா ஒரு நல்ல சேதி சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்பதுதான். வீட்டுக்கு ஓடிவந்து, "நைனா, அம்மா கம்பிய மிதிச்சிட்டாளாம், உம்மேல தப்பு இல்லியாம்" என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு குலுங்கிற்று. சுவரைப் பார்த்தபடியே, "வெளிய சொல்லிக்கினு திரியாத. நாளைக்கும் அங்கதான் வேலைக்குப் போவணும்" என்றார்.

அவருக்கு முன்னாலேயே தெரியும். நான் படித்து செங்கல்பட்டில் அறிவியல் டீச்சராக வேலைக்குச் சேர்ந்து, நைனாவும் போய்ச் சேர்ந்த பிறகு, அத்தை ஒரு நாள் தானாகவே சொன்னாள். "உங்கம்மாவ குளிப்பாட்டனது நான்தான். உள்ளங்கால்ல கருகினு கீது. இன்னாடா இதுன்னு உங்க நைனாகிட்ட காட்டனேன். மீன் கடிச்சிருக்கும்னு சொல்லிடு அக்கான்னான்." கம்பி என்று வாய் திறந்திருந்தால் வேலை போயிருக்கும், அவர்கள் இடத்தில் போட்டிருந்த குடிசை போயிருக்கும், நான் தெருவில் நின்றிருப்பேன். பெண்டாட்டியைச் சாகடித்தவன் என்ற பட்டத்தைத் தலையில் வாங்கிக்கொண்டால் எனக்குச் சோறு கிடைக்கும். வாங்கிக்கொண்டார், கடைசி மூச்சுவரை கழற்றவில்லை. அதற்காக அவரைக் கும்பிடத்தான் தோன்றுகிறது, ஆனாலும் என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்ற கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. எட்டாம் வகுப்புக்கு மின்சாரம் பாடம் நடத்துகிறபோது, ஈர மண் மின்சாரத்தைக் கடத்தும் என்று போர்டில் எழுத வேண்டிய இடம் ஒன்று வரும், அங்கே மட்டும் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு நான் ஜன்னல் பக்கம் போய்விடுவேன்.

போன வருஷம் அத்தையும் செத்துப்போனாள். அவள் காரியத்துக்குப் போனபோது பெரிய வூட்டுக்குப் போய்த் தனத்தைப் பார்த்தேன். மாமனார், மாமியார், புருஷன் எல்லாரும் செத்துப்போய், மகனோடு இருக்கிறாள். இடுப்பு எலும்பு முறிந்து படுக்கை. "வாங்க டீச்சர்" என்றாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன், மகன் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றான். இத்தனை வருஷமாக நெஞ்சில் கிடந்த கேள்வியை அன்றைக்குக் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு மரத்தடியில பேசனது நீங்கதானேம்மா? கம்பி விஷயம் இந்த வீட்ல பேசிக்கிட்டது உங்க காதுல விழுந்திருக்கும். நீங்களா சொன்னா கொன்னுடுவாங்கன்னு எங்கம்மா பேர்ல சொன்னீங்க, அப்படித்தானே?"

அவள் மகனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, "உங்கம்மாதான் பேசனாங்க டீச்சர். எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றாள்.

எட்டு வயதில் இந்தப் பதிலுக்காக உயிரைக் கொடுத்திருப்பேன். அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது அம்மா, இப்போது எனக்கு வேண்டியது ஒரு சாட்சி. தனம் எனக்கு அம்மாவைக் கொடுத்துவிட்டுச் சாட்சியை எடுத்துக்கொண்டாள். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை; ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தபோது அடி வாங்கிக்கொண்டு ஒரு முறை உண்மையைச் சொன்னவளிடம், இன்னொரு முறையும் சொல் என்று எந்த முகத்தோடு கேட்பேன்? காபியைக் குடித்துவிட்டு எழுந்தேன், அவள் கண்ணில் நீர் நின்றது, கையை விடுவதற்கு நேரமாயிற்று.

வெளியே வந்து மல்லாட்டைக் கொல்லைப் பக்கம் நடந்தேன். அங்கே இப்போது மனை போட்டு விற்றுவிட்டார்கள். புளியமரம் இல்லை, கிணற்றைத் தூர்த்து மேலே தார் ரோடு போட்டாயிற்று, இரண்டு பக்கமும் வெளியூர்க்காரர்கள் கட்டிய மாடி வீடுகள். இந்த இடத்தில் கிணறு, இந்த இடத்தில் கம்பி என்று கண்ணால் அளக்கப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. வாழ்நாள் முழுக்க அந்தப் பேய்க் கதையை நான் வெறுத்திருக்கிறேன், அதைக் கட்டிவிட்டவர்கள் நாசமாய்ப் போக வேண்டும் என்று மண்ணை வாரித் தூற்றாத குறைதான். ஆனால் அந்தக் கதை இருந்தவரைக்கும் ஊரில் தினமும் யாராவது ஒருத்தர் வாயில் என் அம்மாவின் பேர் வந்துகொண்டிருந்தது. இப்போது காலனிப் பிள்ளைகளுக்கே அவளைத் தெரியாது. உண்மையும் போயிற்று, பொய்யும் போயிற்று, நடு ரோட்டில் நான் மட்டும் நிற்கிறேன்.

சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தை என் அருகில் வந்து காலை ஊன்றி நிறுத்தினாள். மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படிப்பாள்.

"யாரத் தேடறீங்க ஆன்ட்டி?"

"பச்சையம்மான்னு ஒருத்தங்க, இங்கதான் இருந்தாங்க" என்றேன்.

அந்தக் குழந்தை நெற்றியைச் சுருக்கி, இரண்டு பக்கமும் இருந்த வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, நிஜமாகவே யோசித்தது.

"எந்தப் பிளாட்டு ஆன்ட்டி?"